கொட்டகையில் மறையும் நஷ்டம்

தமிழில் மாடு என்னும் சொல்லுக்குச் செல்வம் என்றும் பொருள் உண்டு. கல்வியின் பெருமையைச் சொல்லுமிடத்து வள்ளுவரும் அச்சொல்லை அப்பொருளில் வழங்கியிருக்கிறார். ஆயிரம் பசு உடையவனுக்கு இஃது ஓர் அலங்காரச் சொல்லாக இருக்கலாம். ஒன்றோ இரண்டோ கறவைகளை வைத்துக்கொண்டு காலந்தள்ளும் நம் அங்கத்தினருக்கோ இது கணக்குப் பிசகாத உண்மை. அவருக்குப் பாங்கியில் வைப்புத் தொகை கிடையாது. நிலம் இருந்தால் அதுவும் கால் காணி, அரைக் காணி. கொட்டகையில் கட்டியிருக்கும் பசுதான் அவருடைய முதல்; நாள்தோறும் கறக்கும் பால்தான் அதன் வட்டி. அந்த முதலில் நோய் விழுந்தால் என்ன நேர்கிறது என்பதையும், அது குறித்து நம் சங்கங்கள் செய்யக்கூடியது யாது என்பதையும் இக்கட்டுரையில் ஆராய விரும்புகிறோம்.

காஞ்சி நகரத்தை வெளியூரார் பட்டுக்காகவும் கோயில்களுக்காகவும் அறிவர். இங்கு வாழும் நாம் அதன் கொட்டகைகளையும் அறிவோம். வாலாஜாபாத், உத்திரமேரூர் வட்டாரங்களில் ஏரித் தண்ணீரை நம்பி நெல் விளைவிப்போர் வீட்டில் மட்டுமன்று, தறி போட்டிருப்போர் வீட்டுப் பின்கட்டிலும் ஒரு பசு நிற்பதைக் காணலாம். நெசவாளிக்குப் பசு எதற்கு என்று கேட்போருக்கு ஐப்பசியும் கார்த்திகையும் விடை சொல்லும். அடைமழை பிடித்துவிட்டால் தெருவில் பாவை நீட்டிச் சீர்செய்ய இயலாது. குழித்தறியின் பள்ளத்தில் ஈரம் ஊறும். சில வீடுகளில் தண்ணீரே நிற்கும். தறி நின்றால் கூலி நின்றது. அந்த இரண்டு மாதங்களில் அடுப்பெரிவது பெரும்பாலும் பால் பணத்தில்தான்.

மாட்டைக் கொல்லும் நோய்களுள் கொடியதான தொண்டை அடைப்பான் பெரும்பாலும் மழையின் துணையோடுதான் வருகிறது. கூலி குறையும் மாதத்திலேயே பாலும் நின்றுபோகும் அபாயம் இருக்கிறது. பெரிய பண்ணை வைத்திருப்பவருக்கு நூறில் ஒரு மாடு போவது நூற்றில் ஒரு பங்கு நஷ்டம். ஒற்றை மாடு வைத்திருப்பவருக்கு அது முழு நஷ்டம். நோயின் பெயர் ஒன்றே. தாங்கும் தோள்களோ வேறு வேறு. இந்த வேற்றுமையை மனத்திற்கொண்டே மேற்கொண்டு சொல்வதைப் படிக்க வேண்டுகிறோம்.

கொல்லும் நோயும் அரிக்கும் நோயும்

கண்ணுக்குத் தெரியாத நுண்கிருமிகளால் மாடுகளுக்கு வரும் நோய்களை நம் வசதிக்காக இரண்டு வகையாகப் பிரித்துக்கொள்ளலாம்: விரைந்து கொல்லுபவை ஒரு வகை, கொல்லாமல் அரிப்பவை மற்றொரு வகை.

முதல் வகையில் தொண்டை அடைப்பான், சப்பை நோய், அடைப்பான் ஆகிய மூன்றையும் சொல்லலாம். தொண்டை அடைப்பானில் கடுங்காய்ச்சல் கண்டு, தொண்டை வீங்கி, மூச்சு இரைத்து, பல சமயங்களில் ஒரே நாளில் மாடு மாண்டுவிடும். எருமைகளை இது இன்னும் கடுமையாகத் தாக்கும். சப்பை நோய் பெரும்பாலும் ஆறு மாதத்திலிருந்து இரண்டு வயது வரையுள்ள, நல்ல ஊட்டமான இளங்கன்றுகளைத் தேடிப் பிடிக்கும். தொடைச் சதை வீங்கி, அழுத்தினால் நறநறவென்று ஓசை கேட்கும். அடைப்பானில் மாடு திடீரென்று விழும். மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கருஞ்சிவப்பு இரத்தம் கசியும். அடைப்பான் கிருமியின் வித்து மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்க வல்லது. ஆதலின் அப்படி இறந்த மாட்டை அறுக்கவே கூடாது. தோலுக்கும் இறைச்சிக்கும் கிடைக்கும் சில ரூபாய்க்கு ஆசைப்பட்டு அறுத்தால், அறுத்தவர் கைக்கும் மேய்ச்சல் நிலத்துக்கும் நோயை விதைத்தவர்களாவோம். மருத்துவருக்குச் சொல்லி, ஆறடிக் குழியில் சுண்ணாம்பு தூவிப் புதைப்பதே முறை.

இவ்வகை நோய்கள் பயங்கரமானவையே. எனினும் இவற்றுக்குத் தடுப்பூசி இருக்கிறது. நம் அண்டையிலேயே, இராணிப்பேட்டையில், 1932ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் இத்தகைய தடுப்பு மருந்துகளைத் தயாரித்து வருகிறது. காஞ்சியிலிருந்து பஸ் ஏறினால் சில மணி நேரத்தில் போய்விடக்கூடிய ஊரில் மருந்து தயாராகும்போது, நம் ஊர்க் கொட்டகையில் தொண்டை அடைப்பானால் ஒரு பசு மாள்கிறது என்றால் குறை மருந்தில் இல்லை. மழைக்கு முன் ஊசி போட்டுக்கொள்ளாத நம் ஏற்பாட்டில்தான் இருக்கிறது.

இரண்டாம் வகையே நம் கட்டுரையின் முக்கியப் பொருள். மடி நோயும் கருச்சிதைவு நோயும் அவ்வகையைச் சேர்ந்தவை. மாடு சாகாது; தெருவில் ஒப்பாரி கேட்காது; ஈட்டுறுதி நிறுவனத்துக்கு விண்ணப்பம் போகாது. ஆகவே நஷ்டமே இல்லை என்று எல்லாரும் எண்ணிக்கொள்வர். கணக்குப் புத்தகங்களைப் பார்வையிடும் தொழிலில் உள்ள நமக்கு மட்டும் அவ்விதம் எண்ண முடிவதில்லை. பால் வரவுப் பதிவேட்டில் ஓர் அங்கத்தினரின் பெயருக்கு நேரே லிட்டர் குறைகிறது. கொழுப்பும் இதர சத்தும் குறைந்து விலையும் குறைகிறது. சில மாதங்கள் சென்றபின் கடன் பேரேட்டில் அதே பெயருக்கு நேரே தவணை தவறுகிறது. முதல் புத்தகம் ஓர் அலமாரியிலும் இரண்டாம் புத்தகம் வேறோர் அலமாரியிலும் இருப்பதால், இரண்டையும் இணைக்கும் நோயை எவரும் காண்பதில்லை.

கால் பங்கு குறைவின் உண்மை விலை

ஓர் உதாரணக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பசு நாளொன்றுக்கு 8 லிட்டர் கறப்பதாகவும், லிட்டருக்கு 35 ரூபாய் கிடைப்பதாகவும் வைத்துக்கொள்வோம். வரவு 280 ரூபாய். வைக்கோல், பசுந்தீவனம், புண்ணாக்கு, தவிடு முதலியவற்றுக்கு 180 ரூபாய் செலவு என்று கொண்டால் மிச்சம் 100 ரூபாய்.

மடி நோய் கண்டு ஒரு காம்பு கெட்டு, பால் 6 லிட்டராகக் குறைகிறது. வரவு 210 ரூபாய். மாடு பால் குறைத்ததற்காகத் தீனியைக் குறைத்துக்கொள்வதில்லை. செலவு அதே 180 ரூபாய்தான். மிச்சம் 30 ரூபாய். பால் குறைந்தது கால் பங்கு. குடும்பத்துக்கு நின்ற மிச்சம் குறைந்ததோ பத்தில் ஏழு பங்கு! கறவைக் காலத்தில் இன்னும் 200 நாள் பாக்கி இருந்தால் இந்த ஒரு வகையில் மட்டும் 14,000 ரூபாய் போயிற்று. வைத்தியம் நடக்கும் நாள்களிலும், மருந்தின் எச்சம் பாலில் இறங்கும் நாள்களிலுமாகச் சுமார் ஒரு வாரம் பாலைக் கொட்டிவிட வேண்டும். அது 56 லிட்டர். அதாவது 1,960 ரூபாய். மருந்துச் செலவு வேறு.

அங்கத்தினர்கள் தத்தம் வீட்டுக் கணக்கை வைத்து இதே முறையில் போட்டுப் பார்க்கலாம். லிட்டரும் ரூபாயும் மாறலாம். முடிவின் போக்கு மாறாது. சிறு கறவைக்காரரின் லாபம் கடைசி இரண்டு லிட்டரில்தான் இருக்கிறது. நோய் முதலில் தின்பதும் அந்த இரண்டு லிட்டரையே.

கருச்சிதைவு நோயின் கணக்கு இதனினும் கொடிது. சினையின் பிற்பகுதியில், ஏழு எட்டு மாதம் காத்திருந்த பின், கன்று விழுந்துவிடும், நஞ்சுக்கொடி தங்கிவிடும். கன்று போயிற்று; வரவேண்டிய கறவைக் காலத்தின் பெரும்பகுதி போயிற்று; மாட்டை மறுபடி சினைப்படுத்தும் வரை தின்ற தீனி போயிற்று. மேலும், இந்நோய் மனிதரையும் தொற்றும். விழுந்த கன்றையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் எடுப்பவருக்கும், காய்ச்சாத பாலைக் குடிப்பவருக்கும் இது வரலாம். விட்டுவிட்டு வரும் காய்ச்சல், இரவு வியர்வை, மூட்டுவலி, முதுகுவலி என்று மாதக்கணக்கில் வாட்டும். குழித்தறியில் கால் தொங்கவிட்டு நாள் முழுவதும் குனிந்திருக்கும் ஒருவருக்கு முதுகும் மூட்டும் போனால் பிழைப்பு என்ன ஆவது? கொட்டகையில் பிறந்த நோய் தறியையும் நிறுத்திவிடும்.

மறைப்பவர் ஏன் மறைக்கிறார்?

இங்குதான் நம் அபிப்பிராயத்தை வெளிப்படையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்நோய்கள் பரவுவதற்குக் கிருமி ஒரு காரணம். மறைப்பு மற்றொரு காரணம். மடி நோய் கண்ட மாட்டின் பால் கேனில் ஊற்றப்படுகிறது. கன்று வீசிய மாடு, செய்தி அடுத்த தெருவுக்கு எட்டுமுன், சந்தைக்கு ஓட்டப்படுகிறது. வாங்கியவர் வேறு ஊரிலுள்ள மற்றொரு ஏழை. அவருடைய கொட்டகையில் நல்ல மாடு ஒன்று இருந்தால் அதுவும் நோயை வாங்கிக்கொள்கிறது. நஷ்டம் ஒழியவில்லை, கைமாறியது, கைமாறும்போது குட்டியும் போட்டது.

இதற்கு மறைத்தவரைப் பழிப்பது எளிது. சட்டமும் இருக்கிறது. கால்நடைகளில் தொற்றுநோய்களைத் தடுப்பதற்கும் கட்டுப்படுத்துவதற்குமான 2009ஆம் ஆண்டு மத்தியச் சட்டப்படி, அட்டவணையிலுள்ள நோய் தன் மாட்டுக்கு இருப்பதாக எண்ணக் காரணமுள்ள உரிமையாளர் அதனைக் கிராம அலுவலருக்கோ பஞ்சாயத்துக்கோ தெரிவிக்க வேண்டும். மாட்டைப் பிரித்துக் கட்ட வேண்டும். சட்டம் சரியானதே. ஆயினும் உண்மையைச் சொன்னால் ஒரு வாரப் பால் பணம் போகும், மாட்டுக்கு விலை போகும், அண்டை வீட்டார் முகம் மாறும். சொல்லாவிட்டால் ஒன்றும் போகாது என்னும் நிலையில் ஒருவரை நிறுத்திவிட்டு, அவரிடம் நேர்மையை எதிர்பார்ப்பது நியாயமா? நாளைக் காலை அரிசிக்குப் பணம் வேண்டியவர் என்ன செய்வார் என்பதை அறிய உளநூல் கற்க வேண்டியதில்லை.

ஆகவே கேள்வியைத் திருப்பிப் போட வேண்டும். மறைப்பவரை எப்படித் தண்டிப்பது என்பதன்று கேள்வி. சொல்பவருக்கு நஷ்டம் வராமல் எப்படிச் செய்வது என்பதே கேள்வி. அதற்கு விடை காணும் வல்லமை தனி மனிதருக்குக் கிடையாது, சங்கத்துக்கு உண்டு.

சங்கமே நோயைப் பரப்பியதும், சங்கமே தடுத்ததும்

டென்மார்க் தேசம் கூட்டுறவுப் பால் தொழிலுக்குப் பேர்போனது. அங்கு முதல் கூட்டுறவுப் பாலகம் ஜெடிங் என்னும் ஊரில் 1882ஆம் ஆண்டில் ஏற்பட்டது. பல வீட்டுப் பாலை ஒன்றாகக் கொட்டி, வெண்ணெய் எடுத்துக்கொண்டு, மிஞ்சிய பாலைக் கன்றுகளுக்காக வீட்டுக்கு வீடு திருப்பித் தருவது வழக்கம். இதில் ஒரு விபரீதம் ஒளிந்திருந்தது. காசநோய் கண்ட ஒரு பசுவின் பால் கலந்தாலும், அது எல்லா வீட்டுக் கன்றுகளுக்கும் பங்கிடப்பட்டது! இதைக் கண்டறிந்து எச்சரித்தவர்களுள் தலையானவர் பேங் என்னும் கால்நடை அறிஞர்; மாடுகளின் கருச்சிதைவு நோய்க் கிருமியை 1897ஆம் ஆண்டில் கண்டுபிடித்தவரும் அவரே. பாலகங்கள் திருப்பித் தரும் பாலைச் சூடேற்றிய பின்னரே தர வேண்டும் என்று 1898ஆம் ஆண்டில் அங்கே சட்டம் செய்யப்பட்டது. நோய் கண்ட மாடுகளை எல்லாம் கொன்றுவிடு என்று பேங் சொல்லவில்லை. அவற்றைப் பிரித்துக் கட்டு, கன்றுகளைக் காய்ச்சிய பாலில் வளர், நோயற்ற புது மந்தையை உருவாக்கு என்றார். பசுவைக் கொல்ல மனமும் வழியும் இல்லாத நம் நாட்டுச் சிறு கறவைக்காரருக்கு இம்முறையின் அடிப்படை மிகவும் ஏற்றது.

பாலை ஒன்றாகக் கொட்டுவதில் தீமை இருப்பதுபோல் நன்மையும் உண்டு. பால் வளையச் சோதனை என்று ஒன்று இருக்கிறது. சங்கத்துக் கேனில் கலந்த பாலில் சிறிதளவு எடுத்து, சாயமேற்றிய கிருமிக் கரைசலில் ஒரு துளியிட்டால், கருச்சிதைவு நோய் கண்ட மாட்டின் பால் அதில் கலந்திருந்தால் மேலே ஆடையில் நிறமுள்ள வளையம் தோன்றும். வீடு வீடாகச் சென்று மாடுதோறும் இரத்தம் எடுப்பதற்குமுன், எந்தச் சங்கத்தில் தேடவேண்டும் என்பதை ஒரு குழாய்ப் பால் சொல்லிவிடும். தனித் தனியே விற்கும்போது மறைந்திருக்கும் நோய், ஒன்றுகூடி விற்கும்போது வெளிப்பட வழி உண்டாகிறது. இது கூட்டுறவால் மட்டுமே கிடைக்கும் லாபம்.

பட்டோடு பழகும் நம்மவர் அறிய வேண்டிய மற்றொரு செய்தியும் உண்டு. அடைப்பானுக்குத் தடுப்பூசி செய்து, 1881ஆம் ஆண்டில் பிரான்சில் பலர் முன்னிலையில் ஆடுகளுக்குப் போட்டு மெய்ப்பித்தவர் லூயி பாஸ்டர். அதற்குப் பதினாறு ஆண்டுகள் முன், 1865இல், அவரை நோய் ஆராய்ச்சிக்கு அழைத்து வந்தவை பட்டுப்புழுக்களே. தென்பிரான்சில் புழு வளர்ப்போரை ஒரு கொள்ளைநோய் பாழாக்கியபோது, முட்டையிட்ட தாய் அந்துப்பூச்சியை நுண்ணோக்கியால் சோதித்து, நோயிருந்தால் அதன் முட்டைகளை ஒதுக்கிவிடும் வழியை அவர் காட்டினார். இன்றும் பட்டு வித்து நிலையங்களில் இச்சோதனை நடக்கிறது. நோயுள்ள வித்தைத் தெரிந்தே விற்பவரைப் பட்டுத் தொழிலில் நாம் மன்னிப்பதில்லை. நோயுள்ள பசுவை மட்டும் சந்தையில் ஏன் கண்டும் காணாமல் விடுகிறோம்?

கூட்டுறவின் வேர் கொட்டகையில் இருக்கிறது

சங்கத்தின் வேலை பால் வாங்கி விற்பது; மாட்டு வைத்தியம் அதன் வேலையன்று என்று சிலர் கூறக்கூடும். அவர்களுக்கு வரலாற்றை நினைவூட்டுவோம். ஜெர்மனியில் ரைபைசன் என்னும் பெரியார் 1849ஆம் ஆண்டில் பிளாமர்ஸ்பெல்டு என்னும் கிராமத்தில் ஏழை விவசாயிகளுக்காக ஓர் உதவிச் சங்கம் நிறுவினார். மாட்டு வியாபாரிகளின் கடும் வட்டிக் கொள்ளையிலிருந்து அவர்களை மீட்க, சங்கத்தின் பேரால் மாடு வாங்கித் தவணை முறையில் கொடுப்பதே அதன் முதல் வேலையாக இருந்தது. அந்த ரைபைசனின் வழியைத்தான் சர் பிரெடரிக் நிக்கல்சன் 1895, 1897ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட தம் அறிக்கைகளில் சென்னை மாகாணத்துக்குப் பரிந்துரைத்தார். 1904ஆம் ஆண்டில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அவ்வாண்டு அக்டோபரில் நாட்டின் முதல் நகரக் கூட்டுறவுக் கடன் சங்கம் பதிவானது வேறெங்குமன்று, இக்காஞ்சிபுரத்தில்தான். ஏழையின் மாட்டைக் காப்பாற்றத் தோன்றிய இயக்கம் இது. மாடு நோயில் விழும்போது ஒதுங்கி நிற்பது அதற்கு அழகாகுமா?

நாம் கூறும் யோசனைகள்

முதலாவது, தடுப்பூசியைத் தனி மனிதரின் விருப்பத்துக்கு விடாமல் சங்கத்தின் வேலையாக்க வேண்டும். மழைக்கு முன்னர், செயலாளர் தம் ஊர் மாடுகளின் பட்டியலைத் தயாரித்துக் கால்நடை மருந்தகத்துக்கு அனுப்பி, ஒரே நாளில் எல்லா மாடுகளுக்கும் ஊசி போட ஏற்பாடு செய்யலாம். தறி நிற்கும் அமாவாசை நாளாகப் பார்த்து வைத்தால் நெசவாளர்களும் மாட்டைப் பிடித்து வர வசதி. கருச்சிதைவு நோய்க்கு நான்கு முதல் எட்டு மாதம் வரையுள்ள கிடேரிக் கன்றுகளுக்கு மட்டும் ஒரே ஒரு முறை ஊசி போட வேண்டும். காளைக் கன்றுகளுக்கும் சினை மாடுகளுக்கும் கூடாது. 2019ஆம் ஆண்டு செப்டம்பரில், ஐந்தாண்டுகளுக்கு 13,343 கோடி ரூபாய் மதிப்பீட்டில் மத்திய அரசு தொடங்கிய தேசியக் கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் கோமாரியோடு இந்நோயையும் குறி வைத்ததே. நான்கு மாத வாயில் குறுகியது. ஆதலின் கன்று பிறந்த தேதியைச் சங்கத்தில் எழுதி வைக்காவிட்டால் அது தெரியாமலே கடந்துவிடும்.

ஒருமித்துப் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு வெக்கை நோயே சாட்சி. அது வேறு வகைக் கிருமியால் வருவது; நம் பாட்டன்மார் காலத்தில் மந்தை மந்தையாக மாடுகளை வாரிக்கொண்டு போனது. விடாத தடுப்பூசி முயற்சியால் 2006ஆம் ஆண்டில் இந்தியா அதனின்று விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. 2011ஆம் ஆண்டில் உலகிலிருந்தே அது ஒழிந்தது. ஒரு தெரு தப்பினாலும் இது நடந்திராது.

இரண்டாவது, சங்கந்தோறும் கால்நடை நோய்ப் பொதுநிதி ஒன்று வேண்டும். நாளொன்றுக்கு 500 லிட்டர் பால் வரும் ஒரு சங்கத்தை எடுத்துக்கொள்வோம். லிட்டருக்கு 20 காசு ஒதுக்கினால் நாளைக்கு 100 ரூபாய். ஆண்டுக்கு 36,500 ரூபாய். 8 லிட்டர் ஊற்றும் அங்கத்தினர் தருவது நாளைக்கு ஒரு ரூபாய் அறுபது காசு. மாட்டுக்கு மடி நோய் என்று தாமே முன்வந்து சொல்லி, மருத்துவர் குறித்த நாள் வரை பாலைக் கேனில் ஊற்றாதவருக்கு, அந்நாள்களின் பால் விலையை நிதியிலிருந்து கொடுத்துவிடலாம். முன் போட்ட கணக்குப்படி ஒருவருக்கு 1,960 ரூபாய். ஆண்டில் பதினெட்டுப் பேருக்குக் கொடுக்க இந்நிதி போதும். சொன்னவருக்கு ஒரு வார நஷ்டம் இல்லை; ஊருக்கு மருந்து கலந்த பால் இல்லை; சங்கத்தின் கேன் திரும்பி வரும் அவமானமும் இல்லை.

மூன்றாவது, மாட்டுக் கடன் வாங்கியவரின் பசு நோயுற்றதாக மருத்துவர் சான்று தந்தால், தவணையைத் தள்ளிவைத்து அபராத வட்டியை விலக்கும் முறையை உபவிதியில் சேர்க்க வேண்டும். நோய்க்கும் வட்டிக்கும் ஒரே சமயத்தில் ஒருவரைக் கொடுத்துவிட்டுப் பின்னர் வசூல் குறைகிறதே என்று வருந்துவதில் பயனில்லை. ஈட்டுறுதி செய்த மாடானால் காதுவில்லை விழுந்ததும் உடனே தெரிவித்து மறுவில்லை போட்டுக்கொள்ளுமாறு செயலாளர் நினைவூட்ட வேண்டும். வில்லை இல்லாத மாட்டுக்கு இழப்பீடு பெறுவது அரிது.

நான்காவது, கன்று வீசிய மாட்டைச் சோதிக்காமல் விற்பதில்லை என்று பேரவையில் ஒரு தீர்மானம் வேண்டும். நோய் உறுதியானால் பிரித்துக் கட்டவும் பராமரிக்கவும் பொதுநிதியிலிருந்து உதவ வேண்டும். உதவி இல்லாத தீர்மானம் காகிதத்தோடு நின்றுவிடும்.

ஆட்சேபங்களுக்கு விடை

இனாமாகப் பணம் வருகிறது என்று பொய்யாகக் கேட்பார்களே என்பது ஒரு ஆட்சேபம். மடி நோயைப் பொய்யாகச் சொல்வது எளிதன்று. நான்கு குழியுள்ள தட்டில் ஒவ்வொரு காம்பின் பாலையும் பிடித்துச் சோதனைத் திரவத்தைக் கலந்தால், நோயுள்ள பால் கூழ்போல் திரளும். நல்ல பால் திரளாது. சங்க வாசலிலேயே எல்லார் கண்ணெதிரிலும் செய்யலாம். நிதிக்குத் தனிக் கணக்கு வைத்து, மாதந்தோறும் பலகையில் ஒட்ட வேண்டும். பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் மறுபடி வாரியத்துக்கு வரக்கூடாது என்று முதலாம் பராந்தக சோழன் காலத்திலேயே உத்திரமேரூர்ச் சபையார் கல்லில் வெட்டி வைத்தார்கள். அந்த மண்ணில் வாழும் நமக்குக் கணக்கு வைக்க வெளியார் வந்து கற்பிக்க வேண்டியதில்லை.

நோய்ப் பாலைத் திருப்பி அனுப்பினால் போதாதா என்பது மற்றோர் ஆட்சேபம். சங்கம் திருப்பிய பால் மண்ணில் கொட்டப்படும் என்று நம்புவோர் உலகம் அறியாதவர். அது வேறொரு வாசலில் விலையாகிறது. யாரோ ஒரு குழந்தை குடிக்கிறது. மாடும் வைத்தியமின்றி அப்படியே நிற்கிறது.

அங்கத்தினர்களின் கடமை

சங்கம் எவ்வளவு செய்தாலும் கறக்கும் கை சுத்தமாக இல்லாவிடில் பயனில்லை. கறக்குமுன் மடியையும் கையையும் கழுவித் துடைக்க வேண்டும். கட்டைவிரலை மடக்கிக் கறக்கும் பழக்கம் காம்பைப் புண்ணாக்கும். முழுக்கையால் பிடித்துக் கறப்பதே நல்லது. முதல் பீர்களைத் தனிக் கிண்ணத்தில் பிடித்துத் திரிதிரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நோயுள்ள மாட்டைக் கடைசியில் கறக்க வேண்டும். கறந்தபின் காம்பை அயோடின் கரைசலில் நனைத்து, மாடு உடனே படுக்காதவாறு தீனி போட்டு அரைமணி நேரம் நிற்க வைத்தால் காம்புத் துவாரம் மூடிக்கொள்ளும். தரைக் கிருமி உள்ளே புகாது. கன்று வீசினால் கைக்கு உறையிட்டு எடுத்துச் சுண்ணாம்புடன் ஆழப் புதைக்க வேண்டும். மருத்துவர் தொலைவில் இருந்தால் 1962 என்ற எண்ணுக்குப் பேசினால் நடமாடும் மருத்துவ ஊர்தியின் உதவி கிடைக்கும். கோயில் நகரத்தாராகிய நாம் பசுவுக்கு மஞ்சள் குங்குமம் இட்டுக் கற்பூரம் காட்டுகிறோம். மாட்டுப் பொங்கலன்று கொம்புக்கு வண்ணம் பூசுகிறோம். கொட்டகைத் தரையை உலர்வாக வைத்திருப்பதும் அந்தப் பூஜையின் ஒரு பகுதியே.

ஒருவர் வீட்டுப் பசுவின் நோய் அவர் தலைவிதி என்று விடும் வரை, அந்த விதி கேன் வழியாகவும் சந்தை வழியாகவும் ஒவ்வொரு வீட்டுக்கும் வந்துகொண்டேயிருக்கும். அது சங்கத்தின் கணக்கு என்று ஒப்புக்கொண்ட அன்றே அதை அடக்கும் வழி பிறக்கும். லிட்டருக்கு 20 காசு தருவதா, பத்துக் காசு தருவதா என்பதை அந்தந்தச் சங்கத்தார் தீர்மானிக்கட்டும். அடுத்த பொதுப் பேரவையின் நிகழ்ச்சி நிரலில் கால்நடை நோய்ப் பொதுநிதி என்னும் ஒரு பொருளைச் சேர்க்குமாறு எழுத்து மூலம் கேட்கும் உரிமை ஒவ்வோர் அங்கத்தினருக்கும் உண்டு. அந்த உரிமையை இவ்வாண்டு மழைக்கு முன் பயன்படுத்துமாறு கேட்டுக்கொள்கிறோம்.